முள் எங்கே நிற்கிறது

4 பிப்ரவரி

கொசுவின் அப்பாவுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், எதையும் கேட்டு வாங்குவதற்காக இல்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். நம் மகள்தான் சொன்னாள்: "எழுதும்மா. எழுத்துல யாரும் குறுக்க பேச முடியாது."

நான்கு மாதமாக எனக்கு இடது தாடையில் வலி. பல் என்று நினைத்தேன். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கலாம் என்றார். எனக்குச் சந்தேகம் வந்து வேறு பல் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், வாயைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. "எப்பல்லாம் வலிக்குது?" என்று கேட்டாள்.

"படி ஏறும்போது. நின்னுபோன காரைத் தள்ளும்போது."

"சாப்பிடும்போது?"

"இல்லை."

"ஆன்ட்டி, பல்லு படி ஏறுமா?"

பல் டாக்டர் சீட்டு எழுதி என்னை இதய டாக்டரிடம் அனுப்பிய கதை இதுதான். அந்த இதய டாக்டரம்மா எடுத்த எடுப்பில் என்ன கேட்டார் தெரியுமா? கொழுப்பு சாப்பிடுவீர்களா என்று இல்லை, கவலை உண்டா என்று இல்லை. "கர்ப்பமா இருந்தப்ப பிரஷர் ஏறுச்சா?" என்று கேட்டார்.

"ஏறுச்சு. பிரசவத்தோட போயிடுச்சு" என்றேன்.

"எவ்வளவு ஏறுச்சு? வலிப்பு வந்துதா? குழந்தை எத்தனாவது மாசம்?"

முழிக்கிறேன். என் உடம்புக்கு நடந்தது, எனக்குத் தெரியவில்லை. தலைவலி வந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவு குழந்தை. நடுவில் நாலு நாள் காணாமல் போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் கட்டில், பீரோ விற்கிறார்கள். அம்மா இல்லை. அண்ணனைக் கேட்டால் "அதான் எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சே" என்கிறான். கொசுவுக்கு இருபத்தாறு வயது. அவள் என் வயிற்றில் இருந்ததற்கும் இன்று என் தாடை வலிப்பதற்கும் என்ன சம்பந்தம்? தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை.

அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மார்ச் பத்தாம் தேதி மறுபடி போக வேண்டும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் அதிகமாக இருந்தது. டாக்டரைப் பார்த்த படபடப்பு என்றேன். அப்படியானால் அதுவரை வீட்டிலேயே தினமும் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், அதை வைத்து மேற்கொண்டு சோதனை வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்றார். நம் பழைய பிரஷர் கருவி என்னிடம்தான் இருக்கிறது. தினமும் நூற்றிருபத்தாறுக்கு மேல் போவதில்லை. காட்டினால் விட்டுவிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு இதய நோய் என்று வெளியே தெரிந்தால் யார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பார்கள்?

கொசுவின் அம்மா

*

12 பிப்ரவரி

கொசுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் இரண்டு பக்கம். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. சுட்டிக்காட்டுகிறேன், அவ்வளவுதான்.

கேட்டதற்குப் பதில்.

முதலில் உன் கால் வீங்கியது. செருப்பின் வார் நுழையவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாய். இது சரியில்லை என்றேன். "புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காம காது வீங்குமா?" என்றார் உன் அம்மா. எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். பிறகு தலைவலி. பிறகு ஒரு நாள் காலையில், கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் பொட்டுகள் பறக்கின்றன என்றாய். சொல்லிக்கொண்டே சமையலறைத் தரையில் விழுந்தாய். வலிப்பு. பல் கிட்டிப்போய் உதடு கடிபட்டு ரத்தம்.

ஆஸ்பத்திரியில் உன் கையில் பட்டையைச் சுற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். பம்பிங் ஸ்டேஷனில் பாதரசம் ஏறுவதைப் பார்ப்பது என் தொழில் என்பதால் கண்ணை எடுக்க முடியவில்லை. நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது. நர்ஸ் என்னை வெளியே தள்ளினார். உன் அறையில் விளக்கை அணைத்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். வெளிச்சமோ சத்தமோ பட்டால் மறுபடி வலிப்பு வரும் என்றார்கள். வந்தது, இரண்டாவது முறை. மறுநாள் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். எட்டாவது மாதம் தொடக்கம். ஒன்றரைக் கிலோகூட இல்லை. கொசு மாதிரி இருக்கிறது என்று சொன்னவன் நான். அந்தப் பெயர் வைத்தது தான்தான் என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பொண்டாட்டிக்கு உப்பைக் குறைக்கணும்னு தெரியாதா, படிச்சவர்தானே?" என்றார், பத்துப் பேர் முன்னால். "எங்க வீட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்றான் உன் அண்ணன். உப்பினால் வந்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? அந்த நாலு நாள் நான் எங்கே இருந்தேன், என்ன தின்றேன் என்று இன்றுவரை ஒரு ஆள் கேட்டதில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக யாரோ கேட்கிறார்கள் என்று பார்த்தால் இதய டாக்டர், அதுவும் உன்னைப் பற்றி.

நான்காம் நாள் நீ கண் விழித்தாய். முதலில் உன் அண்ணனைப் பார்த்து, "காப்பி குடிச்சியா?" என்றாய். அதையும் எழுதிவைக்கிறேன்.

இப்போது என் கேள்வி. அந்தப் பிரஷர் கருவி. பட்டையில் காற்றே இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது? நன்றாகப் பார்த்துவிட்டு எழுது. அதை நீ என்மேல் எறிந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

கொசுவின் அப்பா

*

18 பிப்ரவரி

கொசுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்கூல் காரில் உட்கார்ந்துதான் படித்தேன். ஓட்டிக்கொண்டிருந்த பையனை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவன் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டான்.

வலிப்பு இரண்டு முறை வந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மயக்கம் என்றுதான் சொன்னார்கள். உதட்டில் இருக்கும் தழும்பு சின்ன வயதில் ஊஞ்சலில் விழுந்தது என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றேன். என் முகத்திலேயே எனக்குத் தெரியாத ஒரு செய்தி எழுதியிருந்திருக்கிறது.

அண்ணனிடம் காப்பி குடிச்சியா என்று கேட்டதற்கு இருபத்தாறு வருடம் கழித்து வழக்கா? மயக்க மருந்தில் இருந்தவள் ஆளைப் பார்த்தா பேசுவாள்?

கருவியை நான் எறியவில்லை. மேசைமேல் வைத்தேன். நீங்கள் கையைத் தட்டினீர்கள், அது போய்க் கதவில் மோதியது. சரியாகச் சொல்லப் பழகுங்கள்.

முள் பூஜ்யத்தில்தான் நிற்கிறது. அரை நூல்கூட அப்படி இப்படி இல்லை. போதுமா? நான் எது சொன்னாலும் அதில் திருத்தம் போடுவது உங்கள் சுபாவம். "இன்னிக்கு முகம் வெளிறியிருக்கு, கையை நீட்டு" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே பட்டையைச் சுற்றுவீர்கள். நான் ஏன் போனேன் என்று ஊரே கேட்டது. என்னை ஒரு மனுஷியாகப் பார்க்காமல் உங்கள் பம்பிங் ஸ்டேஷனில் இருக்கும் குழாய் மாதிரி பார்த்தீர்கள், அதுவும் ஒரு காரணம். எத்தனை வருடம்! பிரசவத்தோடு இறங்கிவிட்டது என்று டாக்டரே சொன்ன பிறகு எதற்கு அந்தச் சோதனை?

ஆனால் அதைத்தான் இப்போது உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இறங்கிவிட்டது உண்மைதானே? இறங்கின ஒன்றைப் பற்றி இதய டாக்டர் ஏன் கேட்கிறார்? உங்களுக்கு அப்போதே ஏதாவது தெரிந்திருந்ததா?

மார்ச் பத்தாம் தேதி நூற்றிருபத்தாறைக் காட்டிவிட்டுக் கைகழுவிவிடுவதாகத்தான் இருக்கிறேன். படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன். தாடை இப்போது தரையில் நடந்தாலும் லேசாக வலிக்கிறது. அது குளிர்.

கொசுவின் அம்மா

*

23 பிப்ரவரி

கொசுவின் அம்மாவுக்கு,

பிப்ரவரியில் உன் ஊரில் குளிர் இல்லை. செய்தியில் பார்த்தேன்.

எனக்கு அப்போது எதுவும் தெரியாது. இதயத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது குழாய் மட்டும். நீ குழாய் என்று சொல்லிவிட்டதால் குழாயைப் பற்றியே எழுதுகிறேன்.

மின்சாரம் சட்டென்று நின்றால் பம்ப் நிற்கும். ஏறிப்போன தண்ணீர் திரும்பி வந்து குழாயை அறையும். சத்தம் கட்டடத்தையே குலுக்கும். குழாய் உடையாமலும் போகலாம். சோதித்துப் பார்த்தால் ஒழுக்கு இருக்காது, அழுத்தம் பழையபடி இருக்கும். ஆனாலும் அறை வாங்கிய குழாயில் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம் போடுவோம். பழுது என்று அர்த்தமில்லை. மற்றதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், வளையம் போட்டதை ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்க வேண்டும். என் ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்த வழக்கம் அது. நானும் விடாமல் செய்தேன்.

இப்போது எனக்கு மேலதிகாரியாக இருப்பவன் எனக்கு ஆறு வருடம் இளையவன், கம்பியைக் காதில் வைத்துப் பழக்கமில்லாதவன். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்று எல்லாக் குழாய்க்கும் ஒரே நீலப் பெயின்ட் அடித்துவிட்டான். பளபளவென்று இருந்தது. எது அறை வாங்கியது, எது வாங்காதது என்று இனி யாருக்கும் தெரியாது. கேட்டேன். "சார், எல்லாம் டெஸ்ட்ல பாஸ் ஆனதுதானே?" என்றான். எழுத்தில் கேட்டேன். என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றினான். இப்போது நான் நட்டு, போல்டு எண்ணுகிறேன். முப்பது வருடப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கிடைத்த மரியாதை இது.

"பிரசவம் ஆயிடுச்சு, சரியாப் போச்சு" என்று அன்றைய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதும் அந்த நீலப் பெயின்ட்தான். உன் உடம்பு ஒரு அறை வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் வளையம் போட்டேன். அது உனக்கு அவமானமாகப் பட்டிருந்தால் நான் அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இனி முள். பூஜ்யத்தில் நிற்கிறது என்கிறாய். பூஜ்யத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஆணி இருக்கிறதா பார். முள் அதற்குக் கீழே போகாமல் தடுக்கும் ஆணி. இருக்கிறது, எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் தகடு அடிபட்டு முள் கீழே இறங்க நினைத்தாலும், அந்த ஆணிமேல் சாய்ந்துகொண்டு பூஜ்யத்தில் நிற்பதுபோலவே காட்டும். பார்ப்பதற்கு ஒழுங்கான முள். காட்டும் எண் மட்டும் குறைவு.

நான் சொன்னால் நம்ப மாட்டாய். ஆகவே என்னை நம்ப வேண்டாம், தண்ணீரை நம்பு. ரப்பர் பந்திலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கருவிக்கும் இன்னொன்றை ஒரு நீளமான மெல்லிய குழாய்க்கும் கொடு. மெல்லிய குழாயின் முனையைத் தண்ணீரில் சரியாக இருபத்தேழு சென்டிமீட்டர் ஆழத்தில் பிடி. பந்தை மெதுவாக அழுத்து. முனையிலிருந்து முதல் குமிழி வரும் நேரத்தில் கருவி இருபது காட்ட வேண்டும். அது இயற்கை விதி. அதில் என் சுபாவம் எதுவும் இல்லை.

கொசுவின் அப்பா

*

2 மார்ச்

கொசுவின் அப்பாவுக்கு,

இரண்டு நாள் உங்கள் கடிதத்தைத் தொடவில்லை. தண்ணீரை நம்பு என்று எழுதியது எரிச்சலாக இருந்தது. ஆனால் ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று பார்த்தேன். இருந்தது. ஒன்பது வருடமாகக் கையில் வைத்திருக்கும் பொருளில் நான் பார்க்காத ஒரு ஆணி. அதன் பிறகு விட முடியவில்லை.

கார்க் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் குழாயில் ஒரு மூன்று முனை இணைப்பு உண்டு. எங்கள் ஸ்கூல் மெக்கானிக் ஒன்று கழற்றிக் கொடுத்தார். ஸ்கூல் முற்றத்தில் வாளியை வைத்து, அளவுகோலைச் செருகி, ஓட்டக் கற்க வந்த மூன்று பேர் சுற்றி நிற்க, அழுத்தினேன்.

"மேடம், இது டெஸ்ட்ல கேப்பாங்களா?" என்றாள் ஒருத்தி.

"கேட்டாலும் கேப்பாங்க. குமிழி வருதா பாரு."

குமிழி வந்தது. முள் அசையவில்லை. பூஜ்யத்திலேயே நின்றது. குமிழி பொலபொலவென்று வந்துகொண்டே இருக்கிறது, அது பாட்டுக்குச் சாய்ந்துகொண்டு நிற்கிறது. நான் தப்பாகச் செய்கிறேன் என்று மெக்கானிக்கிடம் பந்தைக் கொடுத்தேன். அவர் செய்தாலும் அதே கதை. "அக்கா, இந்த முள்ளு தூங்குது" என்றார். வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாயில் நாற்பத்தொரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துப் பார்த்தோம். உங்கள் கணக்குப்படி முப்பது காட்ட வேண்டும். எட்டு காட்டியது.

இருபத்திரண்டு குறைவு. நூற்றிருபத்தாறு என்று சந்தோஷமாக எழுதி வைத்ததெல்லாம் நூற்று நாற்பத்தெட்டு. எத்தனை வருடமாக என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு, அவரைவிட்டு வந்த பிறகுதான் நம் பிரஷர் ஒழுங்காக இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிரித்துக்கொள்ளுங்கள். உரிமை உண்டு.

பத்தாம் தேதிவரை காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலையே போகிறேன். வலிப்பு இரண்டு தடவை, நூற்றுத் தொண்ணூறு, எட்டாவது மாதத் தொடக்கம். மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

கொசுவின் அம்மா

*

15 மார்ச்

கொசுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஒரு சோதனையைச் செய்யச் சொன்னவனுக்கு முடிவைத் தெரிவிப்பது நாகரிகம். மகளிடம் கேட்டால், "அம்மாவே எழுதுறாங்களாம்பா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்லை" என்கிறாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நான் சிரிக்கவில்லை. உரிமை இருந்தும்.

கொசுவின் அப்பா

*

21 மார்ச்

கொசுவின் அப்பாவுக்கு,

எழுத முடியாததற்குக் காரணம் கையில் ஊசி குத்தியிருந்தது.

அன்று காலை போனதும் மூன்றையும் ஒப்பித்தேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வலிப்பு என்றதும் பேனாவையே கீழே வைத்துவிட்டார். "இதை யாரு ஞாபகம் வச்சிருந்தாங்க?" என்று கேட்டார். கொசுவின் அப்பா என்றேன். பிறகு கருவியைக் காட்டி, தண்ணீர்க் குமிழிக் கதையைச் சொன்னேன். மனுஷி தன் கருவியையும் நம்முடையதையும் மாற்றி மாற்றி என் கையில் சுற்றிப் பார்த்தார். அவருடையதில் நூற்றைம்பது, நம்முடையதில் நூற்றிருபத்தெட்டு. "நீங்க மட்டும் இந்த எண்ணைக் கொண்டுவந்து காட்டியிருந்தீங்கன்னா நானும் நம்பியிருப்பேன்" என்றார்.

டிரெட்மில்லில், ஓடுகிற பெல்ட்மேல் நடக்க வைத்தார்கள். நான்காவது நிமிடம் தாடை வலித்தது. நிறுத்து என்று ஓடிவந்தார்கள். எனக்குப் பழக்கமான காட்சிதான், என் பக்கத்து பிரேக்கை நான் இப்படித்தான் மிதிப்பேன். அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு ரத்தக்குழாய் முக்கால்வாசி சுருங்கியிருந்தது. உள்ளே ஒரு வலைக்குழல், ஸ்டென்ட் என்கிறார்கள், வைத்திருக்கிறார்கள். இதயத்தின் சுவரும் தடித்துப் போயிருக்கிறது, பல வருடம் அதிக அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி. அந்தக் குழாய் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதைப் பற்றி இப்போது எதற்கு என்றார். அதுதான் பதில்.

நான் விடாமல் கேட்ட இன்னொன்றுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். கர்ப்பத்தில் அப்படி ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காம். அந்த நேரத்தில் ரத்தக்குழாய்களின் உள்பக்கம் படும் பாடு முழுக்க ஆறுவதில்லையா, அல்லது ஏற்கனவே இருந்த பலவீனத்தைக் கர்ப்பம் வெளியே காட்டிக்கொடுக்கிறதா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். "ரெண்டும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் பிரசவத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் பார்த்திருக்கணும். யாரும் சொல்லலையா?" என்றார்.

சொல்லாமலேயே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்காகவும் சேர்த்து அவரை விட்டுவிட்டு வந்தேன் என்று அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அதற்காக எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் பட்டை சுற்றியது தப்புதான்.

கொசுவிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு அவளுக்குக் குழந்தை என்றால் முதல் நாளே அவள் டாக்டரிடம் என் கதையைச் சொல்ல வேண்டும் என்று. கருவியைப் பார்சலில் அனுப்புகிறேன். சரிசெய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் கிடங்கில் எண்ணிக்கொள்ளுங்கள்.

கொசுவின் அம்மா

*

30 மார்ச்

கொசுவின் அம்மாவுக்கு,

கருவி வந்தது. செய்தித்தாளில் ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறாய். இந்த அக்கறையை முன்பே அதன்மேல் காட்டியிருக்கலாம்.

திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் தகடு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. முள்ளின் அச்சை நகர்த்திச் சரிசெய்துவிட்டேன். கிடங்கில் இருக்கும் பாதரசக் கருவியோடு ஒப்பிட்டேன், அடியிலிருந்து உச்சிவரை ஒத்துப்போகிறது. வெளிப்பக்கம் இருக்கும் பள்ளத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. நம் பழைய சமையலறைக் கதவின் பச்சை. அந்தக் கதவு அன்று என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வைத்த பொருள் ஆளைத் தாண்டிக் கதவுக்கு எப்படிப் போகும் என்று நீயே யோசித்துக்கொள். நான் கையைத் தட்டினேனா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. இல்லை என்று சாதிக்கவும் முடியவில்லை.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டேன். இனி முள்ளுக்குச் சாய்ந்துகொள்ள இடமில்லை. கெட்டுப்போனால் பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும், உனக்குத் தெரியும். காற்று அடிப்பதற்கு முன்னால் முதலில் அங்கே பார். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பார். யாருடனும் பேசிக்கொண்டு பார்க்காதே. பிறகு உன் இஷ்டம்.

உன் டாக்டர் சொன்ன இரண்டில் எது சரி என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அறை வாங்கியதால் குழாய் பலவீனமானதா, பலவீனமான குழாய் என்பதால் அறை பலமாகக் கேட்டதா. முப்பது வருடம் வளையம் போட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த முறை போகும்போது மறுபடி கேட்டு எழுது. நூலகத்தில் நானும் தேடுகிறேன்.

கடைசியாக ஒன்று. போகும்போது நீ நகையையும் துணியையும் எடுத்துக்கொண்டாய், சரி. இந்தக் கருவியை ஏன் எடுத்துக்கொண்டு போனாய்? நீ வெறுத்த பொருள். ஒன்பது வருடமாக எனக்குப் புரியவில்லை.

கொசுவின் அப்பா

*

8 ஏப்ரல்

கொசுவின் அப்பாவுக்கு,

கருவி வந்து சேர்ந்தது. பட்டையின் ஓரத்தில் சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்னக்கா, மிஷினுக்கு வளையல் போட்டிருக்கு?" என்கிறார். வளையல் இல்லை, வளையம் என்றேன். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று எனக்கும் தெரியவில்லை. பெட்டியை மூடும்போது கையில் இருந்தது. நீங்கள் தேடட்டும் என்று நினைத்திருக்கலாம். வேறு யார் கையில் அதைச் சுற்றப் போகிறீர்கள் என்றும் நினைத்திருக்கலாம். ரெண்டும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன மாதிரிதான்.

தாடை வலிக்கவில்லை. மாடிப்படி ஏறி இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து வண்டியில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் இப்போதே பணம் கட்டிவிட்டார்கள். தண்ணீர்க் குமிழி பார்த்தவர்கள்.

உங்கள் முதல் கடிதத்தை நேற்று திரும்பப் படித்தேன். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். ஒரு வரியை மட்டும் அன்று தாண்டிப் போய்விட்டேன். இதை டாக்டர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

அந்த நாலு நாள் நீங்கள் எங்கே தூங்கினீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?

கொசுவின் அம்மா

*

14 ஏப்ரல்

கொசுவின் அம்மாவுக்கு,

சாப்பிட்டது ஞாபகம் இல்லை. வாசலில் பன் விற்றார்கள்.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே அழுக்குத் துணி போடும் அறை இருந்தது. மூட்டைகளின் மேல் படுத்தேன். காலையில் சலவைக்கு எடுக்க வரும் அம்மாள், "சார், உங்களையும் சேர்த்துத் துவைச்சுடப் போறேன்" என்று எழுப்பிவிடுவார். அங்கே படுத்ததற்குக் காரணம் உண்டு. உன் அறை நேர் மேலே. உள்ளே விட மாட்டார்கள், ஆனால் நர்சுகளின் காலடி கூரை வழியாகக் கேட்கும். ஒரு தண்ணீர்க் குழாய் அந்த அறையிலிருந்து கீழே இறங்கியது. அதில் காதை வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். அவர்கள் நடந்தால் தூங்குவேன். ஓடினால் எழுந்து உட்காருவேன்.

நான்காம் நாள் யாரோ நின்று சிரிப்பது கேட்டது. மேலே வந்தேன். நீ உன் அண்ணனிடம் காப்பி குடித்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

நான் குடித்திருக்கவில்லை.

உனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரைகள் சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? நீ அதை எழுதவே இல்லை.

கொசுவின் அப்பா